நான்கு சக்கரங்களும் நல்ல பங்கீடும்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் இரவு அம்மாயிக்கு மூச்சுத் திணறல் கண்டது. வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். தோட்டத்து மண்பாதையில் காரின் முன்சக்கரம் ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, அந்தச் சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றியது. கெட்டித் தரையில் நின்ற மற்ற முன்சக்கரமோ அசையவே இல்லை. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். கடைசியில் மாமா ஒரு பழைய ஜீப்பை அழைத்து வந்தார். அது அதே சேற்றைக் கடந்து அம்மாயியை ஏற்றிச் சென்றது.

அம்மாயி நலமடைந்துவிட்டார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. “ஏனுங்க மாமா, சேத்துல இருந்த சக்கரம் சுத்துச்சு, நல்ல தரையில இருந்தது ஏன் சும்மா நின்னுச்சு?” என்று கேட்டேன். “அது டிஃபரன்ஷியலோட குணம் கண்ணு. உங்க உக்கடத்துப் பட்டறையில போய்க் கேளு, காட்டுவாங்க” என்றார். அப்படிப் பார்த்தும் படித்தும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

டிஃபரன்ஷியல் எதற்கு?

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். எவ்வளவு அதிகம்? இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்றும், வளைவு அரைவட்டம் என்றும் கொள்வோம். 3.14 × 1.5 = 4.71 மீட்டர். ஒவ்வொரு வளைவிலும் இத்தனை வேறுபாடு! இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பிணைத்தால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்படி விட்டுக்கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி ஒன்றை நடுவில் வைத்தார்கள். அதுவே டிஃபரன்ஷியல்.

பட்டறையில் ஒரு காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள். “அம்மிணி, அந்தச் சக்கரத்தைச் சுத்திப் பாரு” என்றார் மெக்கானிக் அண்ணன். வலப்பக்கச் சக்கரத்தை நான் முன்னோக்கிச் சுற்ற, இடப்பக்கச் சக்கரம் தானாகப் பின்னோக்கிச் சுற்றியது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் கோவைக்கு இது புதிய பொருள் அன்று. நூற்பாலையில் வேலை செய்யும் பெற்றோரைக் கேளுங்கள். சிம்ப்ளெக்ஸ் எந்திரத்திலும் டிஃபரன்ஷியல் உண்டு. பாபினில் நூல் சேரச் சேர அது பருத்துக்கொண்டே போகும். அதற்கேற்பச் சுழற்சியை மாற்றித் தருவது அதுதான். அதற்காக இங்கிலாந்தில் ஹென்றி ஹோல்ட்ஸ்வொர்த் 1826-இல் காப்புரிமை பெற்றார். மோட்டார் கார் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே!

குற்றம் எங்கே?

ஸ்பேனரால் நட்டைத் திருகும்போது நம் கை தருவது திருப்புத்திறன். பட்டறையில் ‘டார்க்’ என்பார்கள். டிஃபரன்ஷியல் வேகத்தில் விட்டுக்கொடுக்கும். ஆனால் திருப்புத்திறனை இரு பக்கமும் சமமாகவே தரும். சேற்றில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற மிகச் சிறிய திறனே போதும். ஆகவே நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சிறிய திறன்தான் கிடைக்கும். எத்தனை மிதித்தாலும் பயனில்லை. பிடிப்பில்லாத சக்கரமே மற்றதன் பங்கையும் தீர்மானித்துவிடுகிறது. எங்கள் கார் நின்றதன் காரணம் இதுவே.

இரண்டு சக்கரங்களையும் இறுக்கிப் பிணைத்தால் வேகம் சமமாகும். திருப்புத்திறன் பிடிப்புள்ள பக்கம் போகும். பிணைக்காமல் டிஃபரன்ஷியலிடம் விட்டால் திறன் சமமாகும், வேகம் வேறுபடும். இரண்டையும் ஒருசேரச் சமமாக்க முடியாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நான்கு சக்கர ஓட்ட முறைகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

நான்கு முறைகள்

ஒரு கணக்குப் போடுவோம். வழுக்கும் இடத்தில் நிற்கும் முன்னச்சு 100 நியூட்டன் மீட்டர் வரையே தாங்கும். நல்ல தரையில் நிற்கும் பின்னச்சு 400 வரை தாங்கும். முன்சக்கரம் மட்டும் ஓடும் காருக்குக் கிடைப்பது வெறும் 100.

முதலாவது, ஜீப் முறை. 1941-இல் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப், 1985-இல் வந்த மாருதி ஜிப்சி, 2010-இல் வந்த மஹிந்திரா தார், 2023-இல் வந்த ஜிம்னி ஆகியவை இந்த வகை. சாதாரணமாகப் பின்சக்கரங்களே ஓட்டும். லீவரைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும். கணக்கின்படி 100 + 400 = 500. குறை என்னவென்றால், உலர்ந்த தார்ச்சாலையில் இதைப் போடக் கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பிணைப்பு அதற்கு இடம் தராது. வண்டி முறுக்கிக்கொள்ளும், பாகங்கள் தேயும்.

இரண்டாவது, நடு டிஃபரன்ஷியல் முறை. 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரும் 1977-இல் வந்த ரஷ்யாவின் லாடா நிவாவும் எப்போதும் நான்கு சக்கரங்களாலும் ஓடுபவை. தார்ச்சாலையிலும் தொல்லையில்லை. ஆனால் பழைய குணம் இங்கும் வந்துவிடும்: 100 + 100 = 200. ஆகையால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்ட ஒரு வழியும் வைத்தார்கள். பூட்டினால் ஜீப்பைப் போல 500. பங்கு எப்போதும் பாதிக்குப் பாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1966-இல் வந்த ஜென்சன் எஃப்எஃப் என்ற ஆங்கிலக் காரில் பல்சக்கரங்களின் அளவாலேயே முன்னுக்கு 37, பின்னுக்கு 63 என்று பிரித்தார்கள்.

மூன்றாவது, டார்சன் முறை. இது திருகுப் பல்சக்கரங்களால் ஆனது. வழுக்கும் பக்கம் தாங்குவதைப்போல் சில மடங்கை மறுபக்கத்துக்குத் தானாகவே தரும். மூன்று மடங்கு என்று கொண்டால் 100 + 300 = 400. ஆடி நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த குவாட்ரோ வரிசைக் கார்களில் பின்னாளில் இதை வைத்தார்கள். ஆனால் ஒரு பக்கம் காற்றில் தொங்கி அதன் தாங்குதிறன் பூஜ்யமாகிவிட்டால், பூஜ்யத்தின் மூன்று மடங்கும் பூஜ்யமே!

நான்காவது, வேண்டும்போது சேரும் முறை. 2022-இல் வந்த கிராண்ட் விட்டாராவின் ஒரு வகையில் இது உண்டு. பெரும்பாலும் முன்சக்கரங்களே ஓட்டும். வழுக்கலைக் கம்ப்யூட்டர் கண்டதும் நடுவில் உள்ள தட்டுக் கிளட்ச் இறுகிப் பின்னச்சுக்குத் திறனை அனுப்பும். கிளட்ச் 250 வரை தாங்குமானால் 100 + 250 = 350. ஓட்டுபவர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஆனால் நெடுநேரம் சேற்றில் போராடினால் கிளட்ச் சூடேறிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நடுவில் பூட்டிய ஜீப்பிலும் முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று என இரண்டு டிஃபரன்ஷியல்கள் மிஞ்சியிருக்கின்றன. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் ஒருங்கே வழுக்கினால் ஜீப்பும் நின்றுவிடும். அதற்காகத் தாரின் சில வகைகளில் பின் டிஃபரன்ஷியலையும் பூட்டும் வசதி உண்டு. வேறு கார்களில், வீணாய்ச் சுற்றும் சக்கரத்தைக் கம்ப்யூட்டர் பிரேக் பிடித்து நிறுத்தும். அந்தத் தடையையே டிஃபரன்ஷியல் பிடிப்பு என்று எண்ணி, மறுசக்கரத்துக்கும் அதே அளவு திறனைத் தரும். 2025-இல் வந்த டாடா ஹாரியர் மின்காரின் ஒரு வகையிலோ முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார். இரண்டு அச்சுகளுக்கும் இடையே தண்டே இல்லை. பங்கிடுவது கம்ப்யூட்டரின் வேலை.

எது சிறந்தது?

எங்கே ஓட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அவினாசி சாலையில் மழைநாளில் போக நான்காவது முறையே தாராளம். தோட்டத்து மண்பாதைக்கு ஜீப் முறையே ஏற்றது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். “சேத்துல எறங்குறதுக்கு முன்னாடியே லீவரைப் போடணும், தார் ரோடு வந்ததும் எடுத்துடணும்” என்பது மாமாவின் பாடம். சிக்கிக்கொண்டபின் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது குழியை ஆழப்படுத்துமே தவிர வண்டியை நகர்த்தாது.

இந்த ஆண்டு மீண்டும் அம்மாயி வீட்டுக்குப் போனபோது அதே பழைய ஜீப்பில் அதே பாதையில் சென்றோம். அந்த இடம் வருவதற்கு முன்பே, “லீவரைப் போட்டாச்சுங்களா மாமா?” என்று கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே போட்டார். அருகில் அமர்ந்திருந்த அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜீப் நிற்காமல் கடந்து சென்றது.