நாற்றங்காலில் நீர் தேங்கினால் முளைக்கு நேர்வது என்ன?

முளைகட்டிய நெல்லை நாற்றங்காலில் தெளித்த இரண்டொரு நாளில் பெருமழை பெய்து நீர் தேங்கிவிடின், முளைகள் சரிவர வேரூன்றாமல் மிதப்பதையும் அழுகுவதையும் குடியானவர்கள் கண்டிருப்பார்கள். நெல் நீரில் வளரும் பயிராயிருக்க, அதன் முளைக்கு மட்டும் நீர் கேடு விளைப்பது ஏன் என்னும் ஐயம் எழுவது இயல்பே. இதற்குரிய விடை முளையின் சுவாசத்தில் அடங்கியிருக்கிறது.

விதை முளைக்கும்பொழுது அதிலுள்ள மாச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அச்சர்க்கரையிலுள்ள எலெக்ட்ரான்கள் என்னும் மிக நுண்ணிய துகள்கள் படிப்படியாக எடுக்கப்பட்டுக் கடைசியில் பிராணவாயுவிடம் சேரும்பொழுதே முளை வளர்வதற்கு வேண்டிய சக்தி முழுமையாகக் கிடைக்கிறது. எலெக்ட்ரானை இழப்பது ஆக்ஸிகரணம் என்றும், அதனைப் பெறுவது ஒடுக்கம் என்றும் ரசாயன சாஸ்திரத்தில் வழங்கும். ஒரு பொருள் இழப்பதை மற்றொன்று பெற வேண்டுமாதலின், இவ்விரண்டும் எப்பொழுதும் சேர்ந்தே நிகழும். இவ்வேலையை விரைவாக நடத்துபவை என்ஸைம்கள் என்னும் புரதப் பொருள்கள். எனினும், எடுத்த எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்ல அவற்றுட் பலவற்றிற்குக் கோஎன்ஸைம் என்னும் சிறு துணைப்பொருள் இன்றியமையாதது.

இத்துணைப்பொருளின் இருப்பை 1906-ஆம் ஆண்டில் லண்டனில் ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்னும் இருவர் வெளிப்படுத்தினர். ஈஸ்ட் சாற்றை அவர்கள் வடிகட்டி இரு பகுதிகளாகப் பிரித்தபொழுது, எப்பகுதியும் தனித்து நின்று சர்க்கரையைப் புளிக்கச் செய்யவில்லை. இரண்டையும் கலந்தவுடன் புளிப்பு மீண்டும் தொடங்கிற்று. ஒரு பகுதி கொதிக்கவைத்தால் கெட்டுவிட்டது. மற்றது கொதித்த பின்னும் பயன்பட்டது. முன்னதில் என்ஸைம்களும், பின்னதில் கோஎன்ஸைமும் இருந்தன. இக்கோஎன்ஸைமே இன்று என்.ஏ.டி. எனப்படுகிறது. இதில் எலெக்ட்ரான்களை ஏற்கும் பகுதி நிக்கோடினமைடு என்பதை 1936-இல் ஆட்டோ வார்பர்க் விளக்கினார். தவிட்டில் மிகுந்துள்ள நியாஸின் என்னும் வைட்டமினும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

என்.ஏ.டி.யின் தொழிலைக் கிணற்றில் நீர் இறைக்கும் சாலுக்கு ஒப்பிடலாம். சால் கிணற்றில் நிரம்பி, மேலே வந்து, வாய்க்காலில் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் கீழே செல்கிறது. கொட்டாத சால் திரும்ப நிரம்பாது. அவ்வாறே என்.ஏ.டி. சர்க்கரையிலிருந்து இரண்டு எலெக்ட்ரான்களை ஏற்று, அவற்றை இறக்கிய பின்னரே மறுமுறை பயன்படும். உயிரணுவில் இது சிறிதளவே உள்ளதால், இறக்குமிடம் அடைபட்டால் சிறிது நேரத்தில் வேலை முழுவதும் நின்றுவிடும்.

நீர் தேங்கிய நாற்றங்காலில் இந்த இறக்குமிடமே அடைபடுகிறது. பிராணவாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். பிராணவாயு போதாதபொழுது முளையானது தன் எலெக்ட்ரான்களை அஸிடால்டிஹைடு என்னும் பொருளின்மேல் இறக்கி, அதனைச் சாராயமாக மாற்றி ஒருவாறு உயிர் தரிக்கிறது. காற்றுப் புகாமல் இறுகக் கட்டிய விதை மூட்டையில் எழும் கள் போன்ற வாடைக்குக் காரணம் இதுவே. ஆனால் இவ்வழி பெருஞ்செலவுடையது. பிராணவாயு இருக்கையில் ஒரு பங்கு சர்க்கரையிலிருந்து சுமார் 30 அளவு சக்தி கிடைக்குமாயின், இம்முறையில் 2 அளவே கிடைக்கும். விதையின் சேமிப்பு வீணே கரைகிறது. குருத்து மட்டும் காற்றை நாடி நீள, வேர் வளராமல் நின்றுவிடுகிறது.

வளர்ந்த நெற்பயிருக்கு இத்துன்பம் இல்லை. அதன் இலையிலும் தண்டிலுமுள்ள காற்றுக் குழாய்கள் பிராணவாயுவை வேர்வரை கொண்டு செல்கின்றன. இளமுளைக்கு அவ்வசதி இன்னும் அமையவில்லை.

ஆகவே, முளைகட்டும் மூட்டையைத் தளர்வாகக் கட்டி, அவ்வப்பொழுது நீர் தெளித்துப் புரட்டிவிடுதல் வேண்டும். விதைத்த மறுநாள் நாற்றங்காலின் நீரை வடித்துவிட்டு, ஐந்தாம் நாள்வரை சேறு உலராத அளவுக்கு ஈரம் காத்தால் போதுமானது. அதன்பின் நாற்றின் உயரத்திற்கேற்பச் சிறிது சிறிதாக நீர் கட்டலாம். பாத்திகளினிடையே வடிகால் எடுப்பது குடியானவரின் கடமை. அந்நீர் சென்று சேரும் பொது வடிகால் தூர்ந்து கிடப்பின், விதைப்புக் காலத்திற்கு முன்னரே அதனைச் செப்பனிட ஏற்பாடு செய்வது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.