விடியற்காலையில் ஒரு பாட்டில் டீசல்

சங்ககிரி,
ஐப்பசி 4.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வண்டிக்குப் பூஜை போட்ட அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மாலையும் எலுமிச்சம்பழமும் கூட்டமுமாக இருந்ததில் விட்டுப்போயிற்று. போனில் சொன்னால் ‘சரி மாமா, சரி மாமா’ என்றபடியே லோடு பேசப் போய்விடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை பிடித்துவிட்டது. டீசலில் தண்ணீர் சேரும் காலம் இது.

2018 ஐப்பசி. நான் பிஎஸ் 4 வண்டி எடுத்த புதிது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பினேன். நல்ல மழை. வழியில் ஒரு பங்க்கில் டீசல் போட்டேன். சுற்றிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை. தொப்பூர் ஏற்றத்தில் மீட்டர் போர்டில், டீசலில் தண்ணீர் என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. இழுவை குறைந்தது, சைலன்சரில் வெள்ளைப் புகை. ‘தர்மபுரி போய்ப் பார்த்துக்கலாம்’ என்று மிதித்தேன். பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. விட்டேனா? பேட்டரி இறங்கும்வரை செல்ஃப் அடித்தேன்.

பழைய வண்டிகளில் அது போதும் கண்ணு. ஃபில்டரைக் கழற்றிக் கொட்டி, ஏர் எடுத்து, நாலு தடவை செல்ஃப் அடித்தால் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிடும். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. பட்டறையில் கழற்றிப் பார்த்தபோது ஹை பிரஷர் பம்பும் ஆறு இன்ஜெக்டரும் போயிருந்தன. மூன்று மாச டியூவை உன் அத்தையின் வளையல்தான் கட்டியது. தண்ணீர் கெடுத்தது கால்வாசி, என் அவசரம் கெடுத்தது முக்கால்வாசி.

ஏன் என்று புரிந்துகொள். நாம் டயரில் பிடிக்கும் காற்று 120 பவுண்டு. உன் வண்டியின் காமன் ரயில் குழாயில் டீசல் நிற்கும் அழுத்தம் லோடு இழுக்கும்போது 23,000 பவுண்டைத் தாண்டும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. ஓடுகிற டீசலேதான் அவற்றுக்கு வழுவழுப்பு. அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் இரும்பு இரும்பை உரசும், துருவும் பிடிக்கும். சூடான இன்ஜெக்டர் முனையில் தண்ணீர் சட்டென்று ஆவியானால் முனையே தெறித்துவிடும். ஒவ்வொரு செல்ஃபும் அந்தத் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளுகிறது.

தண்ணீர் பங்க்கிலிருந்து மட்டும் வருவதில்லை. பாதி டேங்க்கோடு இரவில் நிறுத்தினால், மேலே இருக்கும் காற்றின் ஈரம் குளிரில் வேர்த்து, டேங்க் சுவரில் வழிந்து இறங்கும். ஊருக்கு வந்து ரெண்டு நாள் நிறுத்துவதாக இருந்தால் நிரப்பிவிட்டு நிறுத்து. மூடியின் வாஷர் வெடித்திருந்தால் உடனே மாற்று. வாட்டர் சர்வீஸ் செய்கிற பையன் டேங்க் மூடிமேல் தண்ணீர் கன்னைப் பிடிக்காமல் பார்த்துக்கொள். பங்க்கில் டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே போடாதே, அடியில் கிடந்ததெல்லாம் அப்போதுதான் கலங்கி மேலே வரும். சந்தேகம் வந்தால், அளவுகோலில் தண்ணீரைக் காட்டும் பேஸ்ட் தடவி, பங்க் டேங்க்கில் விட்டுக் காட்டச் சொல். தண்ணீர் பட்டால் நிறம் மாறும். கேட்பதற்குக் கூச்சப்படாதே. பில்லைக் கிழித்துப் போடாதே, பிறகு நியாயம் கேட்க அது வேண்டும்.

இனி தினசரி வேலை. தண்ணீர் டீசலைவிடக் கனம். ராத்திரி வண்டி நின்றால் அது டேங்க்கிலும் வாட்டர் செப்பரேட்டரிலும் அடியில் போய் உட்காரும். வண்டி அசைந்தால் மறுபடி கலங்கிவிடும். அதனால் காலையில், செல்ஃப் அடிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். செப்பரேட்டரின் அடித் திருகை ரெண்டு சுற்று தளர்த்து. வரவில்லை என்றால் மேலே இருக்கும் ஏர் ஸ்குரூவைக் கொஞ்சம் இளக்கு. வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, டீ குடித்துவிட்டு வந்து வெளிச்சத்தில் பார். டீசல் மேலே தேன் நிறத்தில் நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் கோடு கிழித்த மாதிரி தனியாகத் தெரியும். கொஞ்சமே இருந்தால், பாட்டிலைச் சாய்க்கும்போது கண்ணாடிக் கோலி போல ஒரு துளி உருண்டோடும். சுத்த டீசல் வரும்வரை விட்டுவிட்டுத் திருகை இறுக்கு. ஹேண்ட் பம்ப் கல்லு மாதிரி ஆகும்வரை அடித்துவிட்டு வண்டியை எடு.

கருப்பாகக் கொழகொழவென்று வந்தால் அது வேறு விஷயம். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் மறுபடியும் அடைக்கும். டேங்க்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

ஓடும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் ஓரம் கட்டி, ஆஃப் செய்து, தண்ணீரை எடு. மறுபடியும் எரிந்தால் டேங்க்கிலேயே நிறைய இருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடு. புது ஃபில்டர் போடும்போது நம் ஆட்கள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவார்கள். விடாதே. வடிகட்டாத அழுக்கு நேரே பம்புக்குப் போய்விடும். காலியாக மாட்டி, ஹேண்ட் பம்பில் ஏற்றச் சொல்.

இன்னொன்று, உன் பிஎஸ் 6 வண்டியில் நீல மூடி போட்ட டேங்க் ஒன்று இருக்கிறதே, அது யூரியாக் கரைசலுக்கு. நூறில் 32.5 பங்கு யூரியா, மீதி அத்தனையும் தண்ணீர். தூக்கக் கலக்கத்தில் கிளீனர் அதை டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாதே. பையனையும் திட்டாதே. திட்டுக்குப் பயந்து அடுத்த தடவை சொல்லாமல் விட்டால் வண்டியே போகும்.

இதற்கெல்லாம் நேரமானால் பார்ட்டி லேட் என்று கத்துவான், கத்தட்டும். அரை நாள் வாடகையை அடுத்த டிரிப்பில் பிடித்துவிடலாம்.

உன் அம்மாவிடம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். தொப்பூருக்குப் பிறகு ஐந்து வருஷம் என் சீட்டுக்கு அடியில் இருந்தது. கழுவிக் காயவைத்துத்தான் தந்திருக்கிறேன். நாளைக் காலை என்ன வந்தது என்று போன் பண்ணு.

இப்படிக்கு,
உன் மாமா