சுவருக்குள் கசியும் நீரும் வீட்டுக் காப்பீடும்



நான் சிவில் மூன்றாமாண்டு மாணவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார். நாம் வகுப்பில் படிக்கும் நீரழுத்தமும் உப்புப் பூத்தலும் கம்பி துருப்பிடித்தலும் எங்கள் வீட்டுச் சுவரிலேயே நடந்தன. கூடவே, எந்தப் பாடத்திலும் வராத ஒரு இன்சூரன்ஸ் பாலிசியையும் படிக்க வேண்டி வந்தது.

2022-ல் மாடி எடுக்க அப்பா பேங்கில் லோன் வாங்கினார். லோனோடு வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டார்கள். கையெழுத்து எங்கே என்று காட்டினார்கள், அப்பா போட்டார். அந்தத் தாள் ரேஷன் கார்டு இருக்கும் மஞ்சப்பையில் இரண்டு வருஷம் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

2024 வைகாசியில் பீரோவுக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அம்மா துணியால் துடைத்தார். அப்பா ஒரு கோட் பெயிண்ட் அடித்தார். ஆடியில் பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூத்தது. மறுபடி சுரண்டி மறுபடி பெயிண்ட். ஊர் வீடுகளுக்கெல்லாம் பூச்சு வேலை செய்கிறவருக்குச் சொந்தச் சுவரைப் பார்க்க நேரம் இல்லை! ஐப்பசியில் ஒரு விடியற்காலை, சுவருக்குள் இருந்த ஜி.ஐ. பைப்பின் எல்போ துருவேறி உடைந்து, மேல்தொட்டித் தண்ணீர் முழுவதும் அறைக்குள் இறங்கிவிட்டது. மெத்தை போயிற்று, அக்காவின் தையல் மெஷின் மோட்டார் போயிற்று. அந்த மெஷினில்தான் என் பரீட்சை ஃபீஸ் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் மஞ்சப்பையைத் திறந்து பாலிசியை வரிவரியாகப் படித்தேன். பாரத் கிருஹ ரக்ஷா என்று பெயர். 1.4.2021 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வீடுகளுக்குத் தரும் ஒரே மாதிரியான பாலிசி இது. வீட்டுக்கு வரக்கூடிய எல்லாக் கேட்டுக்கும் இது பணம் தராது. எதிர்பாராத சம்பவங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம் என்று போகிற அந்தப் பட்டியலில், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடிப்பதோ நிரம்பி வழிவதோ ஒரு இனமாக இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது. கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் அதிலேயே அடக்கம் என்றும் இருந்தது. ஆனால் மெதுவாகக் கசிந்து ஊறுவது அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கவனிக்க எனக்கு இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது.

தகவல் சொன்ன பிறகு சர்வேயர் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். பொள்ளென்று சத்தம் கேட்டது. "எத்தனை நாளா ஊறுதுங்க?" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. "ஆறு மாசமா இருக்கும் சார்" என்றார்.

மெத்தைக்கும் மோட்டாருக்கும் பணம் வந்தது. அவை எல்போ உடைந்த அன்று நனைந்தவை. சுவர்ப் பூச்சுக்கும், லிண்டலில் கம்பி துருவேறிப் பெயர்ந்த கான்கிரீட்டுக்கும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தப்பா, "நேத்துத்தான் ஈரம் கண்டுச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல அண்ணே" என்றார். அப்பா சொன்னார்: "உப்பு ஒரு நாள்ல பூக்காது. அவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா?"

எனக்கு அப்போது அப்பா மேல் கோபம்தான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டித் தண்ணீர் எல்போவுக்கு மேல் 5 மீட்டர் உயரம். அப்படியானால் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம், இரவு பகல் ஓய்வில்லாமல். விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 4.3 லிட்டர், ஆறு மாதத்தில் 750 லிட்டருக்கு மேல். அதைச் செங்கல் உறிஞ்சி மேலே இழுத்திருக்கிறது. துரு, தான் வந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் பெயர்கிறது. இதையெல்லாம் சர்வேயரும் படித்திருப்பார். சுவரே தேதியைச் சொல்லும்போது நாம் மாற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகவே நண்பர்களே, கசிவை இளசாக இருக்கும்போதே பிடிப்பதுதான் வழி. இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்குத் தண்ணீர் வரும் வால்வையும் அடைத்துவிட்டு, தொட்டிக்குள் ஸ்கேலை விட்டு மட்டத்தைக் குறியுங்கள். காலையில் மறுபடி பாருங்கள். 500 லிட்டர் தொட்டியில் நான் சொன்ன கசிவுக்கு எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, ஸ்கேல் காட்டிக்கொடுக்கும். குறைந்திருந்தால் மறுநாள் குளியலறை வால்வை மட்டும் அடைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் கசிகிறது என்று புரிந்துவிடும். ஈரம் கண்ட அன்றே தேதியோடு போட்டோ எடுங்கள், பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். குழாய் வெடித்துவிட்டால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள், உடைந்த துண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எங்கள் எல்போவை அம்மா போடப் போனார், நான்தான் பிடுங்கி வைத்தேன். சர்வேயர் முதலில் கேட்டது அதைத்தான்.

கம்பெனி முடிவு சரியில்லை என்று பட்டால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் திருப்தியில்லாவிட்டாலோ, இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. அப்பா போகவில்லை. பூச்சுக் கூலி அவருடையதே என்பதால் சிமென்ட்டும் மணலும்தான் செலவு என்றார். லிண்டலை நானும் அவருமாகக் கொத்தி, கம்பியைத் துரு போகத் தேய்த்து, மறுபடி கட்டினோம்.

புதுப் பைப்பைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம், வெளியே தெரியும்படி கிளாம்ப் அடித்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அப்பா இன்றைக்கும் முணுமுணுக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மாடி ஏறுவது அவர்தான்.