டிஸ்க் புதிதாக வரும், படங்கள் வராது

அன்புள்ள தம்பி,

ஹார்ட் டிஸ்க் 'டிக், டிக்' என்று சத்தம் போடுகிறது, கம்ப்யூட்டரில் டிரைவே தெரியவில்லை, உள்ளே மூன்று கல்யாணத்தின் படங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, வாரன்டி முடிய இன்னும் நாள் இருப்பதால் கம்பெனிக்கு அனுப்பிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அனுப்பாதே. முதலில் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மேலே படி.

வாரன்டி அந்தப் பெட்டிக்குக் கொடுத்த வாக்கு. படங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. நீ அனுப்பும் டிஸ்க்கைத் திறந்து படங்களை எடுத்துத் தரும் வேலையை சர்வீஸ் சென்டர் செய்வதில்லை. அதே கொள்ளளவில் வேறொரு டிஸ்க் கைக்கு வரும். பெரும்பாலும் அது பழுதுபார்த்துச் சோதித்ததாக இருக்கும். நீ கொடுத்தது உன்னிடம் திரும்பாது. விதிவிலக்கும் உண்டு. சீகேட் தன் சில மாடல்களோடு டேட்டா மீட்புச் சேவையையும் சேர்த்தே விற்கிறது. உன் டிஸ்க்கின் அட்டைப் பெட்டியில் அப்படி ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பார். இல்லையென்றால், படத்துக்கான முயற்சிகள் எல்லாம் முடிந்த பிறகுதான் வாரன்டி. இந்த வரிசையை மாற்றினால் அந்த மூன்று குடும்பத்துக்கும் நாம் செய்யக்கூடியது எதுவும் மிஞ்சாது.

அந்தச் சத்தம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொள். உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுற்றுகின்றன. அவற்றின்மேல் படாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஹெட் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி அது. ஹெட் பழுதானால் தன் தடத்தைத் தேடிப் போகும், கிடைக்காமல் திரும்பும், மறுபடி போகும். அதுதான் நீ கேட்கும் டிக் டிக். ஒவ்வொரு தடவை கரன்ட் கொடுக்கும்போதும் ஹெட் தட்டைக் கீறிவிடலாம். கீறிய இடத்தில் இருந்த படத்தை உலகத்தில் எவராலும் மீட்க முடியாது. ஆகவே 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்ற ஆசையை விட்டுவிடு. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும், லேசாகத் தட்டினால் ஓடும் என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதே. ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறப்பது அதைவிடக் கெடுதல்; நம் அறையின் தூசி ஒரு துகள் போதும்.

சத்தம் இல்லாமல் சீராகச் சுற்றி, டிரைவ் மட்டும் திறக்க மறுத்தால் அது வேறு வகை. அப்போது கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸ் 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். செக்டிஸ்க்கையும் ஓட்டாதே, அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதத் தொடங்கிவிடும். ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்து, தேடும் வேலையை அந்த நகலில் செய்யவேண்டும். உன் விஷயத்தில் சத்தம் கேட்டுவிட்டது. இனி அது தூசி நீக்கிய அறை உள்ள மீட்பு ஆய்வகத்தின் வேலை. டிஸ்க்கின் விலையைப்போல் பல மடங்கு கேட்பார்கள். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கு. படம் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், கிடைத்தால் பணம் கொடுக்கும்முன் ஃபைல் பட்டியலைக் காட்டுவார்களா என்று கேள். சீல் உடைந்தால் வாரன்டி போய்விடும். தாங்கள் அங்கீகரித்த ஆய்வகம் திறந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. உன் கம்பெனி அப்படியா என்று முன்பே விசாரித்துக்கொள்.

அந்தப் பணத்தைச் செலவழிக்கும்முன் ஒன்று செய். மெமரி கார்டுகளைத் தேடு. பெரும்பாலான கேமராக்களில் ஃபார்மட் செய்தாலும் படத்தின் பட்டியல்தான் அழியும். அதே இடத்தில் புதுப் படம் எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் அதைத் தோண்டி எடுக்கும், ரா ஃபைல்களையும் சேர்த்து. பையின் ஓரத்தில், பழைய கேமராவுக்குள், உன்னோடு வந்த இன்னொரு கேமராக்காரரிடம் என்று ஒரு கார்டு விடாமல் எடு. ஆல்பம் லேபுக்கு அனுப்பிய பக்கங்கள் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கலாம். வீடியோக்காரரின் ஃபுட்டேஜில் தாலி கட்டும் நொடி இருக்கும். மறுநாள் காலையே பெண்ணின் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் சில படம் அனுப்பியிருப்பாய். அதன் தரம் குறைவுதான், ஆனாலும் தாத்தா அட்சதை போடும் படம் வேறெங்கும் இல்லாதபோது அந்த வீட்டுக்கு அது போதும்.

இத்தனையும் முடிந்த பிறகு வாரன்டிக்கு வருவோம். டிஸ்க்கின்மேல் இருக்கும் சீரியல் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் வாரன்டி எதுவரை என்று காட்டும். அந்தத் தேதி உன் பில்லோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஆலையிலிருந்து கிளம்பிய நாளை வைத்து அவர்கள் கணக்குப் போட்டிருந்தால் பில்லைக் காட்டித்தான் திருத்த வேண்டும். லேப்டாப்போடு வந்த டிஸ்க் என்றால் பெரும்பாலும் லேப்டாப் கம்பெனியிடம்தான் போகச் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வாங்கிவந்தது என்றால் இந்தியாவில் செல்லுமா என்று முதலில் கேள். அனுப்பும்முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவை, நசுங்கல் இருந்தது என்று பிறகு சொல்வதற்கு இடம் கொடுக்காதே. புகார் எண், கூரியர் ரசீது, யாரோடு என்ன பேசினாய் என்பதெல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். மாற்றாக வரும் டிஸ்க்குக்குப் பெரும்பாலும் பழைய வாரன்டியின் மீதி நாள்தான் கிடைக்கும்.

இன்னொன்றும் யோசி. டிஸ்க் செத்துவிட்டதால் உள்ளே இருப்பதை உன்னால் அழிக்கவும் முடியாது. மணப்பெண் அலங்கார அறையில் எடுத்த படங்கள் அதில் இருக்கின்றன. அதை அறிமுகமில்லாத கைகளுக்கு அனுப்ப மனம் ஒப்பாவிட்டால், சில ஆயிரம் ரூபாய் டிஸ்க்குக்காக அனுப்பாமலே இருந்துவிடலாம். நான் அனுப்பமாட்டேன்.

கம்பெனி இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய். தொழிலுக்கு வாங்கியதால் நீ நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் பயப்படாதே. பிழைப்புக்காக மட்டுமே நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியவரையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நீ குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் முன் நீயும் சேவை வழங்குபவன். அந்த மூன்று குடும்பமும் உன்மேல் மனு போடலாம், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

வாரன்டி ஆண்டுகளை டிஸ்க்கின் ஆயுள் என்று நினைத்துவிடாதே. 2011இல் தாய்லாந்து வெள்ளம் ஹார்ட் டிஸ்க் ஆலைகளை முடக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாடல்களுக்கு வாரன்டியைக் குறைத்து அறிவித்துவிட்டன. அது வியாபாரக் கணக்கு. நம் கணக்கை நமக்கு முன்னால் தொழில் செய்தவர்களே போட்டுவைத்திருக்கிறார்கள். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. இதைச் சொல்லிப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்முன் ஒரு நகல், வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று, ஆல்பம் கொடுக்கும்வரை கார்டை ஃபார்மட் செய்வதில்லை என்று வைத்துக்கொள். எஸ்எஸ்டி வாங்கினால் தொல்லை தீரும் என்றும் நினைக்காதே, அது சத்தமே போடாமல் சாகும். ஹார்ட் டிஸ்க்குகளை மாதம் ஒருமுறை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார். ஒதுக்கப்பட்ட செக்டர்களும் காத்திருக்கும் செக்டர்களும் கூடிக்கொண்டே போனால் அன்றைக்கே அதை மாற்று.

கடைசியாக, நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூன்று வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும், ஆய்வகத்தின் பதில் வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே. வாட்ஸ்அப்பில் வேண்டாம். உனக்கு அட்வான்ஸ் கொடுத்த பெரியவரிடம் போனில் பேசு, முடிந்தால் நேரில் போ. என்ன நடந்தது, எதையெல்லாம் தேடுகிறாய், எப்போது மறுபடி பேசுவாய் என்று சொல். மீட்புச் செலவு உன்னுடையது என்றும் சொல். திட்டுவார்கள், கேட்டுக்கொள். உறவினர்கள் போனில் எடுத்த படங்களை அவர்கள் அழிப்பதற்குள் நீ கேட்டு வாங்க வேண்டும், அதற்காகவாவது இன்று மாலைக்குள் பேசிவிடு. கார்டுகளில் இனி ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே என்னிடம் கொண்டுவா.

அன்புடன்,
அண்ணன்