எலுமிச்சை பிஞ்சு கொட்டுதா? மருந்துக்கு முன் தண்ணீரைப் பாருங்க

கடலூர், சிதம்பரம் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சை வைத்திருக்கிறீர்களா? கோடையில் பிஞ்சு உதிர்ந்ததும் ‘ஹார்மோன் மருந்து’ வாங்க ஓடாதீங்க. மரத்துக்குள்ளேயே ஹார்மோன்கள் வேலை செய்கின்றன.

• ஆக்சின்: வளரும் பிஞ்சில் உருவாகி, காம்பு விடாமல் பிடித்து வைக்கும்.

• அப்சிசிக் அமிலம்: தண்ணீர் குறையும்போது கூடும், இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காக்கும்.

• எத்திலீன்: காம்பின் அடியைத் தளர்த்தி, இலையையும் பிஞ்சையும் உதிர்க்கும்.

மரம் தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே கழிப்பது இயல்பு. ஆனால், நீண்ட நாள் காயவிட்டால் எத்திலீனுக்கான மூலப்பொருள் வேரில் சேர்ந்துவிடும். திடீர்னு தண்ணீர் கட்டினால் அது மேலேறி, எத்திலீனாக மாறும். தண்ணீர் விட்ட பிறகும் கொட்டுவது இதனால்தான்!

என்ன செய்யலாம்?

• அளவாக, இடைவெளி தவறாமல் தண்ணீர் விடுங்கள். தேங்க விடாதீங்க.

• மரத்தடியில் வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு போடுங்கள்.

• 2,4-டி தெளிக்கச் சொன்னால் கவனம்! 20 பிபிஎம் என்பது 10 லிட்டர் தண்ணீருக்கு வெறும் 0.2 கிராம் மருந்துச் சத்து. இது களைக்கொல்லியும்கூட. கண்ணளவில் கலந்தால் மரமே கெட்டுவிடும்.

யாரிடம் கேட்பது?

உழவன் செயலியில் உங்கள் ஊருக்கு அலுவலர் வரும் நாளைப் பாருங்கள். விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். உழவர் அழைப்பு மையம்: 1800-180-1551. கட்டணம் கிடையாது. கேட்டுவிட்டுத் தெளியுங்கள்.