பிறர் சரக்குக்கு நம் முத்திரையா?



நாம் வியாபாரிகள். ஒருவர் விற்றுத் தரும்படி நம்மிடம் ஒப்படைத்த சரக்கைச் சொந்தச் சரக்கென்று கணக்கில் எழுதினால், அது அமானித மோசடி என்பது கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் பிறர் எழுத்தை நம் பெயரில் சொல்வது மட்டும் நமக்குக் களவாகத் தோன்றுவதில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தோன்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மீலாதுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். பழைய சஞ்சிகை ஒன்றிலிருந்த கட்டுரையை எடுத்து, இரண்டொரு சொல்லை மாற்றிப் பேசிவிட்டேன். நல்ல பாராட்டு. கூட்டம் கலைந்ததும் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்து, "பேச்சு நன்றாயிருந்தது தம்பி. எழுதினவர் பெயரையும் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மத்ரஸாவில் ஓதிய பாடமே என்னைக் கேள்வி கேட்டது.

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (கி.பி. 810–870) தொகுத்த ஸஹீஹ் கிரந்தத்தின் முதல் ஹதீஸைப் பாருங்கள். எண்ணத்தைப் பற்றிய அந்த நபிமொழிக்கு முன் ஆறு பெயர்கள் வருகின்றன: ஹுமைதீ, ஸுப்யான், யஹ்யா இப்னு ஸயீத், முஹம்மது இப்னு இப்றாஹீம், அல்கமா, உமர் (ரலி). யார் யாரிடம் கேட்டார் என்னும் இந்தச் சங்கிலிக்கு இஸ்னாது என்று பெயர். சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று பேரேட்டில் நாம் எழுதவில்லையா? அதுபோலத்தான்.

இடையிலுள்ளவரை மறைத்து, மேலே உள்ளவரிடமே நேராகக் கேட்டதுபோல் காட்டுவதற்குத் தத்லீஸ் என்பார்கள். அவ்வழக்கமுள்ளவர், தாமே கேட்டதாகத் தெளிவாகச் சொன்னாலன்றி, ஹதீஸ் கலை அறிஞர்கள் அவர் அறிவிப்பை ஏற்கத் தயங்கினார்கள்.

அப்படியானால் எதெல்லாம் எழுத்துக் களவு?

1. பிறர் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் பெயரை விடுவது.

2. சொல்லை மாற்றி, கருத்தையும் அதன் வரிசையையும் எடுத்துக்கொள்வது. பழைய டின்னில் புது லேபிள் ஒட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா?

3. ஆங்கிலம், மலாய், அரபு நூல்களிலிருந்து மொழிபெயர்த்துவிட்டுச் சொந்த எழுத்தென்பது.

4. இரண்டாவது புத்தகத்தில் கண்டதை, மூல நூலையே படித்ததுபோல் காட்டுவது.

எல்லாரும் அறிந்த செய்திக்குப் பெயர் வேண்டியதில்லை. சிங்கப்பூர் 1965இல் தனி நாடானது என்பதற்கு யாரையும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். ஆனால் அதைப் பற்றி ஒருவர் ஆராய்ந்து கண்ட முடிவைச் சொன்னால், அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவரது படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது அவர் பெயரைத் தெரிவிக்க வேண்டுமென்ற உரிமையை அவருக்குக் கொடுத்தது. எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவர் காலமாகி இங்கே 70 ஆண்டும், மலேசியாவில் 50 ஆண்டும் நிற்கும். அதன்பின் அனுமதியின்றி அச்சிடலாம். ஆயினும் எழுதியவர் எழுதியவர்தாமே! அவர் பெயரை நீக்க நாம் யார்?

இன்னொன்றையும் மறக்கலாகாது. பெயர் போடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு. "இது இன்னார் சரக்கு" என்று உரக்கக் கூவிக்கொண்டே கேளாமல் எடுத்துப் போனாலும் அது களவுதான். உரிமை நிற்கும் முழுக் கட்டுரையை நம் மலரில் போட விரும்பினால், ஒரு கடிதம் எழுதிக் கேட்பதே முறை.

கைப்பேசியில் வரும் நல்ல எழுத்தைப் பலருக்கு அனுப்புகிறோம். எழுதியவர் பெயரிருந்தால் அதை வெட்டாதீர்கள். தெரியாவிட்டால், "எழுதியவர் தெரியவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நம் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டுரை எழுதும் வயதிலேயே இதைப் பழக்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று, முன்பு பேசியது யாருடைய கட்டுரை என்பதைச் சொன்னேன். நாக்கு உலர்ந்துதான் போயிற்று. ஆனால் ஒருவரும் இகழவில்லை. அந்தச் சஞ்சிகை கிடைக்குமா என்று மூன்று பேர் வந்து கேட்டார்கள். கடனைத் திருப்பிக் கொடுத்துச் சீட்டைக் கிழித்த நிம்மதியோடு அன்று வீடு திரும்பினேன்.