மரப்பட்டையில் மறையும் வேட்டைச் சிலந்தி

பாலக்காட்டுச் சமவெளியில் எருத்தேன்பதி போன்ற சிற்றூர்களின் வீட்டுச் சுவர்களில், இரவு வேளையில் கரப்பான் பூச்சியைத் துரத்திப் பிடிக்கும் பெரிய தட்டைச் சிலந்தியைப் பலரும் அறிவர். இது வலை பின்னி இரைக்குக் காத்திருப்பதில்லை, ஓடிப் பிடிக்கும். ஆகவே வேட்டைச் சிலந்தி எனப்படும். 1767-ம் ஆண்டில் லின்னேயஸ் இதனை விவரித்தார். இதன் கடி வலி தரலாமேயன்றி உயிருக்கு ஊறு செய்வதில்லை. எனினும் கண்டவுடன் துடைப்பத்தைத் தேடுவோரே மிகுதி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றோர் இனம் அடிபடுவதுமில்லை, அறியப்படுவதுமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் மரத்தண்டுகளின்மீது வாழும் 'பாண்டர்ஸீட்டஸ் ஸெலேட்டஸ்' என்பதே அது. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த போக்காக் 1899-ம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டார். ஸெலேட்டஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு 'மறைக்கப்பட்டது' என்று பொருள். பெயர் மிகவும் பொருத்தமானதே. பட்டையின்மேல் படரும் லைக்கனின் சாம்பல், பச்சை, கறுப்புத் திட்டுகள் அப்படியே இதன் உடலிலும் காணப்படும். (சமையலுக்கு மணமூட்டும் கல்பாசியும் ஒரு லைக்கனே.) கால்களின் ஓரங்களில் மயிர்கள் விளிம்பு கட்டியது போல் அடர்ந்துள்ளன. நண்டைப் போலக் கால்களைப் பக்கவாட்டில் பரப்பிப் பட்டையோடு ஒட்டிக் கிடக்கையில், இம்மயிர்கள் உடலின் நிழலையும் மறைத்துவிடும். நிழல் விழாத பிராணியைப் பறவையின் கூரிய கண்ணும் எளிதில் காணாது.

நிறத்தை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்தல் தவறு. இக்குடும்பத்தை அறிய, கால் நுனிக்கு முந்திய கணுவின் முடிவில் மூன்று மடல்களுள்ள மெல்லிய சவ்வு உள்ளதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்க வேண்டும். இனத்தை உறுதி செய்யவோ, முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்புகளை ஆராய்தல் இன்றியமையாதது. குஞ்சுகளைக் கொண்டு இதனைச் செய்ய இயலாது.

வனப்பகுதியில் அனுமதியின்றி எதனையும் சேகரித்தல் கூடாது. அனுமதி பெற்றுச் சேகரித்ததை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு, இடம், நாள், மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் புட்டியின் உள்ளேயே இடுதல் வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துபோனால், உள்ளிருப்பது எவ்வூர்ச் சிலந்தியென்று எவராலும் கூற முடியாது.

மாணவர்களுக்குக் காட்ட இவையொன்றும் வேண்டுவதில்லை. லைக்கன் படர்ந்த மரத்தண்டை நேரே நோக்காமல், பக்கவாட்டில் கண்ணை வைத்து மேலிருந்து கீழாக மெல்லப் பார்த்துவர வேண்டும். ஐயம் எழும் இடத்தருகே சிறு குச்சியால் தொட்டால், பட்டையின் ஒரு துண்டே பெயர்ந்து ஓடுவதுபோல் சிலந்தி மரத்தின் மறுபுறம் விரைந்துவிடும்.